வேலை மீஞ்சூரில், முதலாளி எங்கோ!

சென்னையில் பலருக்கு மீஞ்சூர் என்றதும் குடிநீர்தான் நினைவுக்கு வரும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு 2010 ஜூலையில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 'மீஞ்சூர்' என்றுதான் பெயர். ஆனால், அந்த நிலையம் மீஞ்சூர் ஊருக்குள் இல்லை. கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி, காட்டுப்பள்ளிக் கடற்கரையில் இருக்கிறது. ஊர்க்காரர்களைக் கேட்டால் அவர்கள் சொல்லும் மீஞ்சூரே வேறு. ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் குடியிருப்பதால் 'வடகாஞ்சி' என்று பெயர் வாங்கிய மீஞ்சூர் அது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து லோக்கல் ரயில், ரயில்வே கேட் மூடினால் அப்படியே நின்றுவிடும் பஜார், அத்திப்பட்டுக்கும் வல்லூருக்கும் துறைமுகத்துக்கும் ஷிப்ட் போகும் ஆட்கள்... இதுதான் அவர்களுடைய மீஞ்சூர்.

வெளியூர்க்காரர் வரைபடத்தில் பார்க்கும் மீஞ்சூர் ஒன்று, ஊரில் இருப்பவர் நடந்து பார்க்கும் மீஞ்சூர் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு இப்போது சந்தையில் ஒரு விலை இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் அலுவலகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கும். விற்க வேண்டியது பணம் செலுத்தும் செயலியாகவோ, போட்டித் தேர்வுப் பயிற்சியாகவோ, உள்ளூர் செய்தியாகவோ இருக்கும். வாங்க வேண்டியவர் மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இருப்பார். நடுவில் ஓர் ஆள் வேண்டும். முன்பு அதற்கு விற்பனைப் பிரதிநிதி ஒருவரை நியமித்து, சம்பளமும் பயணப்படியும் கொடுத்து அனுப்புவார்கள். இப்போது அதே ஊரில் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவியையோ மாணவரையோ தொலைவிலிருந்தே பிடித்துவிடுகிறார்கள். வீடியோ காலில் நேர்காணல், வாட்ஸ்அப் குழுவில் அன்றாட வேலை, யுபிஐ-யில் பணம். வேலை கொடுத்தவர் மீஞ்சூர் ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையைக்கூட ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

அவர் பார்க்காதது என்ன என்பதற்கு ஓர் உதாரணம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் உள்ளூர் விளம்பரம் போடும்போது, வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குத்தி அதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் வரையச் சொல்லும். மீஞ்சூரைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் கிழக்குப் பாதியில் கொசஸ்தலை ஆறும் உப்பங்கழியும் அனல்மின் நிலையங்களும் துறைமுக மதில்களும் விழும். அங்கே வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள், குடியிருப்பவர்கள் குறைவு. மீஞ்சூர் பஜாருக்கு வாடிக்கையாளர் வட்டமாக வருவதில்லை, தண்டவாளத்தைப் பிடித்து நீளமாக வருகிறார். ஒரு பக்கம் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு; மறுபக்கம் அனுப்பம்பட்டு, பொன்னேரி. இது பெங்களூரில் கணினி முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. தினமும் அந்த ரயிலில் தொங்கிக்கொண்டு போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எந்தத் தெருவில் தெலுங்கு பேசினால் கடைக்காரர் முகம் மலரும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் எந்தப் பகுதியில் இந்தியில் நான்கு வரி எழுதி ஒட்டினால் மெஸ்ஸுக்குக் கூட்டம் வரும், ஷிப்ட் விடும் நேரத்தில் எந்த டீக்கடையில் நிற்க வேண்டும் என்பதெல்லாமும் தெரியும்.

இந்த அறிவைத்தான் நிறுவனங்கள் வாங்குகின்றன. அதற்கு ஒழுங்காக விலை கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பைபிளில் தொடங்கிய பழக்கம்

மாணவர்களை வைத்து ஊர் ஊராக விற்பது நேற்று வந்த யோசனை இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் 1855-இல் தொடங்கப்பட்ட சவுத்வெஸ்டர்ன் என்ற பதிப்பகம், 1868 முதல் கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் வீடு வீடாக அனுப்பி பைபிளும் புத்தகங்களும் விற்றது. ஆஸ்திரியாவில் 1987-இல் விற்பனைக்கு வந்த ரெட் புல் பானம், கல்லூரிக்குள்ளேயே மாணவர்களைப் பிரதிநிதிகளாக நியமித்து, அவர்கள் கையாலேயே நண்பர்களுக்குக் குடிக்கக் கொடுத்தது. நம் ஊரில் 1980-களில் டை கட்டிய இளைஞர்கள் வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்ததை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் 1982-இல் தொடங்கிவைத்த நேரடி விற்பனை அது.

அப்போது ஆளைத் தேர்ந்தெடுக்க நிறுவனமும் ஊருக்கு வந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தை இணையம் எடுத்துவிட்டது. இந்தியாவில் இந்த மாற்றத்தில் பெரிய பங்கு இன்டர்ன்ஷாலா தளத்துக்கு உண்டு. சென்னை ஐஐடி-யில் படித்த சர்வேஷ் அகர்வால் 2010-இல் தொடங்கியது. வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப் என்பது கொரோனாவுக்கு முன்பே அந்தத் தளத்தில் தனிப் பிரிவாக இருந்தது. தங்கள் தளத்தையே கல்லூரிகளில் கொண்டுசேர்க்க 'ஸ்டூடன்ட் பார்ட்னர்' என்று மாணவர்களையே அமர்த்தினார்கள். 'கேம்பஸ் அம்பாசடர்' என்ற பதவி இன்று தமிழ்நாட்டின் எந்தக் கலைக் கல்லூரியிலும் பழகிப்போன சொல். 2025-இல் கூகுள் தன் ஜெமினி செயலியை மாணவர்களிடம் கொண்டுபோக இந்தியக் கல்லூரிகளில் மாணவத் தூதர்களை நியமித்தது. உலகத்திலேயே பணக்கார நிறுவனங்களில் ஒன்று தன் பொருளை அறிமுகம் செய்ய வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருக்கும் ஆளைத்தான் நம்புகிறது.

சின்ன ஊர்களைக் குறிவைத்தே பிறந்த நிறுவனங்களும் உண்டு. ஜானி பாஷா, விபுல் சவுத்ரி இருவரும் 2018-இல் பெங்களூரில் தொடங்கிய 'லோக்கல்' செயலி, தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கும் வந்தது. உள்ளூர் செய்தி, உள்ளூர் வேலைவாய்ப்பு, உள்ளூர் கடை விளம்பரம்தான் அதன் சரக்கு. இப்படியான செயலிக்கு ஒவ்வொரு ஊரிலும் காதும் காலும் வேண்டும். அலுவலகம் வேண்டாம்.

ஒரு கடை இணையத்தில் ஏறும் கதை

இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். கூகுள் வரைபடத்தில் ஒரு கடையை ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். கடை உரிமையாளருக்கு இது இலவசம். 2014-இல் 'மை பிசினஸ்' என்று வந்து, 2021-இல் 'பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர் மாறிய வசதி. கடையின் பெயர், வகை, திறக்கும் நேரம், போன் எண், படங்கள் கொடுக்க வேண்டும். கேட்க எளிது. உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்.

பெயர்ப் பலகையில் அப்பாவின் பெயர், ஜிஎஸ்டி சான்றில் மனைவியின் பெயர், ஊர்க்காரர் வாயில் 'கேட்டாண்ட இருக்கிற ஹார்டுவேர்ஸ்'. இதில் எந்தப் பெயரை ஏற்றுவது? பலகையில் உள்ள பெயரைத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் சரிபார்ப்பில் தட்டிவிடுவார்கள். வரைபடத்தில் ஊசியைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் குத்துவதா, அந்தப் பக்கமா? கொஞ்சம் தள்ளிக் குத்திவிட்டால் வாடிக்கையாளர் மூடிய கேட்டுக்கு முன்னால் வண்டியோடு நின்று வேறு கடைக்குத் திரும்பிவிடுவார். பிறகு வீடியோ. தெரு, பலகை, கடையின் உள்பக்கம், உரிமையாளர்தான் நடத்துகிறார் என்பதைக் காட்டும் கல்லாவோ சாவியோ எல்லாம் ஒரே ஓட்டத்தில், வெட்டு ஒட்டு இல்லாமல் எடுக்க வேண்டும். கல்லாவைப் படம் பிடிக்க ஊர்ப் பிள்ளையைத்தான் ஒரு கடைக்காரர் அனுமதிப்பார். வெளியூர்க்காரரைப் பார்த்தால் வருமானவரி ஆளோ என்று யோசிப்பார்.

அடுத்தது வாட்ஸ்அப். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடைப் பொருட்களைப் படத்தோடு அடுக்கலாம். வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். இதில் பல கடைக்காரர்களுக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. கடை எண்ணைத் தன் போனில் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆக, கல்லாவில் நின்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் 'அண்ணே, நம்ம கடை நம்பரை சேவ் பண்ணிக்கங்க' என்று சொல்ல ஆள் வேண்டும். எந்த மென்பொருளும் அதைச் செய்யாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடையின் இணையக் கணக்கைப் பலர் விளம்பர ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் தொடங்கிவிடுகிறார்கள். ஏஜென்ட் போய்விட்டால் கணக்கும் போய்விடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த விமர்சனங்களும் படங்களும் உரிமையாளர் கைக்கு எட்டாது. முறை தெரிந்த மாணவர் முதலில் கடைக்காரருக்கே ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அவரை உரிமையாளராக வைத்து, தன்னை நிர்வாகியாக மட்டும் சேர்த்துக்கொள்வார். இந்த ஒரு பழக்கம் போதும், அவர் தொழில் தெரிந்தவரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இந்த வேலை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து சென்ட்ரல் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரிக்கோ, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரிக்கோ போய் வருகிறவர் மாலையில் நகரத்தில் ஒரு பார்ட் டைம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புவது கடினம். பெண்பிள்ளை என்றால் வீட்டில் விடமாட்டார்கள். பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியில் படிப்பவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்றாலும், சுற்றிலும் இருக்கும் வேலை ஆலையும் துறைமுகமும் தருவது. கல்லூரி நேரத்துக்கு ஒத்துவராது. சொந்தத் தெருவில், தெரிந்த கடையில், மாலை இரண்டு மணி நேரம் என்றால் எல்லோருக்கும் சம்மதம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. 1,000 ரூபாய்க்கு அந்த வீடுகளில் என்ன மதிப்பு என்பது வடசென்னைக்குத் தெரியும். மாலை வேலையில் இன்னும் 2,000, 3,000 வந்தால் தேர்வுக் கட்டணத்துக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

சான்றிதழ் சோறு போடுமா?

இங்கேதான் கோபம் வருகிறது. இந்த வேலைகளில் கணிசமானவற்றுக்குப் பணமே இல்லை. சான்றிதழ், பரிந்துரைக் கடிதம், ஒரு டி-ஷர்ட், 'அனுபவம்'. பணம் உண்டு என்று சொல்பவர்களிலும் பலர் டார்கெட் முடித்தால்தான் பணம் என்கிறார்கள். இத்தனை பேர் செயலியை இன்ஸ்டால் செய்ய வேண்டும், இத்தனை பேர் பணம் கட்டிச் சேர வேண்டும். டார்கெட்டுக்குச் சற்றுக் குறைந்தாலும் கையில் எதுவும் வராது. அதுவரை சேர்த்துக் கொடுத்தவர்கள் மட்டும் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாக இருந்துவிடுவார்கள். சித்தி, மாமா, டியூஷன் அக்கா, பழைய வகுப்புத் தோழர்கள் என்று ஒரு பிள்ளையின் உறவு முழுவதும் கம்பெனிக்குப் போய்விடும். இதற்கு அனுபவம் என்று பெயர் சொல்வது அநியாயம்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சிக்கு எடுத்தால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 'இன்டர்ன்' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கட்டாயம் பொருந்துவதில்லை. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆனால் அப்போது அது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு, அதுவும் முழுநேரமாகக் கல்லூரியில் படிக்காதவர்களுக்கு. மீஞ்சூரிலிருந்து ரயிலேறும் பிள்ளைக்கு அதில் இடமில்லாமல் போனது. என்றாலும் அந்த 5,000 ரூபாய் ஓர் அளவுகோல். பெரிய நிறுவனங்களில் கற்றுக்கொள்ள வருபவருக்கே மாதம் அவ்வளவு தர வேண்டும் என்று அரசே வகுத்திருக்கும்போது, விற்றுக் கொடுப்பவருக்குச் சான்றிதழ் மட்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவில் 'பிளாக் ஸ்வான்' படத் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்த இன்டர்ன்கள் 2011-இல் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி நமக்கும் வேண்டும்: இந்த ஏற்பாட்டால் முக்கியமாகப் பயன் அடைவது யார், மாணவரா, நிறுவனமா? மீஞ்சூர் பஜாரில் கியூஆர் அட்டை ஒட்டவைக்கும் வேலைக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் பதில் சொல்ல நீதிபதி தேவைப்படாது.

பணம் வராதது ஒரு கவலை. பணம் வரும் சில வேலைகள் அதைவிடப் பெரிய கவலை.

சாப்பிடாத ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு நான்கு வரி எழுதச் சொல்வது 'ரிவியூ இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் நடக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. காசு கொடுத்து எழுதவைத்த விமர்சனத்தை அது ஏற்பதில்லை. கூகுளின் விதியும் அதுவே. கண்டுபிடித்தால் விமர்சனத்தை நீக்கிவிடும். சின்ன ஊரில் இது இன்னும் கேடு. எழுதியது இன்னார் வீட்டுப் பெண் என்று பஜாரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடன் செயலிகளை உறவினர் போனில் ஏற்றச் சொல்லும் வேலையை யார் கொடுத்தாலும் மறுத்துவிட வேண்டும். பணம் கட்ட முடியாதபோது மிரட்டல் அழைப்பு வருவது சித்தப்பாவுக்கு. அவர் வந்து கேட்பது செயலியை ஏற்றிக் கொடுத்த பிள்ளையிடம். கம்பெனி எங்கோ இருக்கிறது, வீடு இங்கே இருக்கிறது.

வேலையே இல்லாத 'வேலை'யும் உண்டு. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் அழைப்பு வரும். முதலில் 100, 150 என்று உண்மையாகவே கொடுப்பார்கள். பிறகு பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. இப்படிப் பகுதிநேர வேலை என்ற பெயரில் மோசடி செய்த 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. முடக்க முடக்கப் புதிதாக முளைக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்தக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்று கேட்பதும் இந்தக் கூட்டம்தான். கொடுத்தவர் கணக்கில் மோசடிப் பணம் புரண்டால் போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது அந்த மாணவரின் வீட்டில்.

நல்ல நிறுவனத்தை அடையாளம் காணப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வேலைக்குச் சேர யாரும் பணம் கேட்க மாட்டார்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி, டார்கெட் முடியாவிட்டால் எவ்வளவு என்பது மின்னஞ்சலில் எழுத்தாக வரும். திரட்டும் போன் எண்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்வார்கள்; 2023-இல் வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, சம்மதமின்றி எண்களைச் சேர்ப்பது இனி விளையாட்டுக் காரியம் இல்லை. கல்லூரிகளும் இதில் கை கட்டி நிற்கக் கூடாது. இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பெண் கொடுக்கும் துறை, மாணவர் கொண்டுவரும் கடிதத்தில் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அதற்குத் தனி அரசாணை எதுவும் தேவையில்லை.

பெங்களூர் நிறுவனங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டன. ஊர்க் கடைக்காரர்கள்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் பிட் நோட்டீஸுக்கும் ஆட்டோ மைக்குக்கும் ஆண்டுதோறும் செலவு செய்கிறவர்கள், கடைக்கு எதிர்த்தெருவில் பி.காம் படிக்கும் பெண்ணிடம் வரைபடத்தையும் வாட்ஸ்அப்பையும் ஒப்படைக்கலாம். அவர் கடைக்கு வந்து உட்கார வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போனால் போதும், மற்றதை ரயிலில் இருந்தபடியே செய்துவிடுவார். ஒரு கடையால் மாதச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டால் நான்கு கடைகள் சேர்ந்து கொடுக்கலாம். ஜவுளி, ஹார்டுவேர்ஸ், பேக்கரி, மருந்துக்கடை ஒன்றுக்கொன்று போட்டியில்லை. தொகையை முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி, மாதம் 5-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். தேர்வு மாதத்தில் விடுமுறை கொடுங்கள்.

வீட்டுப் பிள்ளை 'ஆன்லைன்ல ஒரு வேலை கெடச்சிருக்கு' என்று சொன்னால், பெற்றோரே, அந்த வேலைக்கான அழைப்பைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.